கூட்டத்துக்குள் ஒரு குரல்

டங்... டங்... டங்.

வீட்டில் எல்லோரும் பேனா என்று கூப்பிடுகிற மூத்தவள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். யாரோ கதவை உடைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை, சுவரில் ஆணி அடிக்கிறார்கள். ராத்திரி பூராவும் புரண்டுவிட்டு, விடிகிற நேரத்தில்தான் கண் அசந்திருந்தாள்.

கூடத்தில் தம்பி முக்காலி மேல் ஏறி நின்றிருந்தான். கையில் சுத்தியல், உதட்டில் இடுக்கிய ஆணி. சோபாவில் சாய்த்து வைத்த பெரிய போட்டோவில் அப்பா மைக் முன்னால் நின்று, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பண்றே?"

"கேரம் ஆடறேன். பார்த்தா தெரியலை?"

"இதை மாட்டணும்னு யாரைக் கேட்டு..."

சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாரைக் கேட்டு. நேற்று மாலை இருட்டுக்குள் கேட்ட அதே சொற்கள்.

"ஒரு வருஷம் ஆச்சுக்கா," என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமலே. "பீரோ மேல கவுத்து வெச்சு, அதுக்கு மேல பழைய பேப்பரைப் போட்டு... நமக்கே நல்லாயில்லை. ஒழுங்கா ஒரு இடத்துல இருக்கட்டும்."

அம்மா டீ டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தாள். போட்டோவைத் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டறதுன்னா மாட்டு. ஆனா அவருக்கு இது பிடிக்காது. மூக்கு பெரிசாத் தெரியுதுன்னு சொல்றார்."

"சொல்லுவார்மா," தம்பி முக்காலியிலிருந்தே திருத்தினான். "சொல்றார் இல்லை. சொல்லுவார்."

"சரி, சொல்லுவார்," என்றாள் அம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிற மாதிரி. டம்ளரை மகள் கையில் கொடுத்தாள். "நேத்து படம் எப்படி இருந்தது?"

"சுமார்தான்."

"சந்தை சீனெல்லாம் நல்லா எடுத்திருக்காங்களா?"

"ம்," என்றாள் பேனா. தலைவலியில் அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை.

நேற்று மாலை பத்திரிகைக்காரர்களுக்கான சிறப்புக் காட்சியில், படம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் திடுமென எழுந்து நின்றாள். "உக்காருங்க மேடம், மறைக்குது" என்று பின்வரிசை சிடுசிடுத்தது. அவள் கைப்பையைக்கூட விட்டுவிட்டு வெளியே ஓடி வந்து, வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று மட்டும் இந்த வீட்டில் இன்னும் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

பதினைந்து வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. வாரத் தொடக்கத்தில் டி.வி. சீரியல், நடுவில் நாடகம், வெள்ளிக்கிழமை சினிமா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்புப் படம் பார்ப்பாள், கொட்டாவி விட்டுக்கொண்டே பேய்ப்படம் பார்ப்பாள். திரையில் எதைக் கண்டும் அவள் பயந்ததில்லை. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள் அவள். அம்மா அந்தக் காலத்தில் நாடக மேடையோரத்துப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனம் மறந்த நடிகர்களுக்கு எடுத்துக் கொடுத்தவள்.

அப்பா குரல்காரர். கதாநாயகனின் மாமனார், கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற ஜட்ஜ், சீரியலில் கோமாவிலிருந்து எழுந்திருக்கிற பெரியவர், கார்ட்டூனில் வருகிற கரடி, எல்லோருக்கும் அவர்தான் பேசினார். தெருவில் போனால் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. ஆட்டோவில் ஏறி "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்று வாயைத் திறந்தால் டிரைவர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அவர்தான் பெயர் வைத்தார். எழுதுகிற மகள் பேனா. எப்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கிற மகன் வண்டு.

டப்பிங் வேலையில் கூட்டச் சத்தம் என்று ஒன்று உண்டு. திரையில் சந்தை, ரயில் நிலையம், கோர்ட் வாசல் என்று கூட்டம் வாயசைக்கும். அதற்குக் குரல் கொடுக்க ஏழெட்டுப் பேர் மைக்கைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. ஒரு சொல்லும் தனியாகப் புரியக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கூப்பிட்டால் பெரிய குரல்காரரான அப்பாவும் போய் அந்தக் கும்பலில் நிற்பார். நின்று, வீட்டு விஷயத்தை அதற்குள் ஒளித்து வைப்பார்.

'கேஸை மூடினியா?'

'வண்டு கணக்குல கோட்டை விட்டுட்டான்.'

'பேனா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே, செருப்பு வாங்கித் தரேன்.'

படம் வந்ததும் நான்கு பேரும் தியேட்டருக்குப் போவார்கள். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஐஸ்கிரீம். திரையில் கதாநாயகி ரயில் நிலையத்தில் கதறிக்கொண்டிருப்பாள். இந்த ஒரு வரிசை மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். மற்றவர்கள் திரும்பி முறைப்பார்கள். இந்த விளையாட்டு வீட்டுக்கு வெளியே ஒரு ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது.

போன வருஷம் ஒரு காலையில் நடக்கப் போன அப்பா திரும்பவில்லை. ஏரிக்கரையில் செருப்பு ஜோடியாக இருந்தது, அதன் மேல் மூக்குக் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. முங்கு நீச்சல்காரர்கள் இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலுக்கு என்ன பொருள் என்று வீட்டுக்குள் வந்து யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பி இப்போது அதைத்தான் ஆணி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வண்டு, கொஞ்சம் மேல வா. பேசணும்."

"இரு, மாட்டிட்டு..."

"அதை மாட்டறதுக்கு முன்னாடி."

மாடியில் இருப்பது ஒரே ஒரு அறை, அப்பா பயிற்சி செய்கிற அறை. பின்பக்கத்து மதிலைப் பார்த்த ஒற்றை ஜன்னல். தெருவிலிருந்து தெரியாது, பக்கத்து வீட்டிலிருந்தும் தெரியாது. போன மாதம் மழையில் சட்டம் உப்பிப் போனதால், தம்பி அதைச் சுரண்டிப் புது வண்ணம் பூசியிருந்தான். நாடக அரங்கத்தில் காட்சித் தட்டி வரைவது அவன் வேலை. முடிந்துபோன நாடகத்தின் காட்டுக்கு வாங்கிய பச்சை பெயின்ட் மிச்சம் இருந்தது. அந்த ஜன்னல் இப்போது ஒரு நாடகக் காட்டின் துண்டு மாதிரிப் பளீரென்று நின்றது.

அதன் முன்னால் நிற்க வைத்து அவள் சொன்னாள். சந்தைக் காட்சி. தக்காளிக் கூடை கவிழ்கிறது. கூட்டம் கத்துகிறது. அந்தக் கத்தலுக்குள் அப்பா.

தம்பி சிரித்தே விட்டான்.

"வாரத்துக்கு மூணு பேய்ப்படம் பார்க்கறே. வராம என்ன செய்யும்?"

"அப்பா குரல்டா."

"ஊர்ல பாதிப் பேர் அப்பா மாதிரிதான் பேச முயற்சி பண்றான். பழைய டேப்பை எடுத்துப் போட்டிருப்பாங்க. கூட்டத்துக்கு எவன் புதுசா எடுக்கறான்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அது என்ன சொன்னது தெரியுமா?"

"என்ன?"

"'பேனா, மாடி ஜன்னலுக்குப் பச்சை அடிச்சிருக்கீங்களே... யாரைக் கேட்டு?'"

தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். தானே பூசிய பச்சையை முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி.

"இந்த ரூமுக்கு யாருக்கா வராங்க?" அவன் குரல் இறங்கியிருந்தது. "நீ, நான், அம்மா."

"அதான்."

கீழே டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாளோ என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"அம்மாகிட்ட சொல்லாதே," என்றான் தம்பி. "இப்பவே 'சொல்றார், செய்றார்'னு பேசிட்டிருக்காங்க. இதையும் கேட்டா அவ்வளவுதான்."

போன் அடித்தது. பேனா துள்ளி விழுந்தாள். ஆசிரியர்.

"விமர்சனம் எங்கம்மா? சாயங்காலம் பக்கத்தை முடிக்கணும்."

"தரேன் சார்."

"படம் எப்படி? ஒரே வரியில சொல்லு, தலைப்பாவது யோசிச்சு வைக்கறேன்."

"கூட்டத்துக்கு நல்லா குரல் குடுத்திருக்காங்க."

"ஹீரோ, ஹீரோயின்னு ரெண்டு பேர் இருந்தாங்களே, அவங்களைப் பத்தியும் ரெண்டு வரி எழுதிடும்மா. இல்லேன்னா அவங்க வீட்ல கோவிச்சுப்பாங்க."

ஸ்டூடியோ ஒரு மருந்துக் கிடங்குக்கும் தையல் பள்ளிக்கும் நடுவில் இருந்தது. ஒலிப்பதிவாளர் அப்பாவின் பழைய சிநேகிதர். 'காது' என்று அப்பா வைத்த பெயர் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

"வாங்க, வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல வந்திருக்கீங்க. யாருக்குக் கல்யாணம்?"

பேனா சுற்றி வளைக்கவில்லை. வரும் வழியில் தம்பியோடு ஒத்திகை பார்த்த பொய்யெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. நேற்றைய படத்தில் சந்தைக் காட்சியின் கூட்டச் சத்தத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றாள்.

"வெளிவராத படத்தோட சத்தத்தைப் பத்திரிகைக்காரங்களுக்குத் தனியாப் பிரிச்சுப் போட்டுக் காட்டினா என் வேலை போயிடும்மா."

"பத்திரிகைக்காரியா வரலை மாமா."

அவர் அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

உள்ளே குளிராக இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. அங்கே பேசினால் சொல் வாயை விட்டு வெளியே வந்த உடனே செத்துப்போகும். நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டப்பிங் அறை விளக்கில்லாமல் கிடந்தது. நடுவில் ஒற்றை மைக். அதன் முன்னால் கம்பளத்தில் இரண்டு இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. இத்தனை வருஷம் அப்பா கால் ஊன்றி நின்ற இடம். பேனா அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

திரையில் சந்தை வந்தது. காது ஒவ்வொரு சத்தமாக அணைத்துக்கொண்டே வந்தார். பின்னணி இசை போயிற்று. வண்டிச் சத்தம் போயிற்று. கோழி, தராசுத் தட்டு, கதாநாயகனின் வசனம், எல்லாம் போயின. திரையில் மனிதர்கள் வாயை வாயைத் திறந்தார்கள். கூட்டம் மட்டும் மிஞ்சியது. அதிலும் பெண்களின் குரல், இளைஞர்களின் குரல் என்று ஒவ்வொன்றாக மூடினார்.

"இதுதான் கடைசி," என்றார்.

"பேனா..."

அறைக்குள் அப்பா வந்து நின்றார். வேறு எப்படிச் சொல்வது? அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தனியாக.

"பேனா... மாடி ஜன்னலுக்குப் பச்சை... அடிச்சிருக்கீங்களே... யாரைக் கேட்டு?"

தம்பியின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. அவன் கை அவ்வளவு சில்லிட்டிருந்ததை அவள் அறிந்ததில்லை. காது வேர்த்திருந்தார். ஹெட்போனைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை நான் கேட்கவே இல்லைம்மா," என்றார் ஒரு மாதிரியான குரலில். "கடைசி நேர அவசரம். மொத்தமாக் கலந்து அனுப்பிட்டேன். தனியாக் கேட்டிருந்தா விட்டிருப்பேனா?"

"இங்கயா எடுத்தீங்க?"

"இல்லை, வெளியூர்ல. கூட்டத்துக்கு ஆள் பிடிக்கற ஏஜென்ட் அங்கேயே ஒரு சின்ன ஸ்டூடியோவுல முடிச்சு அனுப்பிட்டான்."

"பழசா இருக்குமா? எப்பவோ எடுத்ததை..."

"போன வாரம் எடுத்தது. சந்தை சீனே போன வாரம்தான் சேர்த்தாங்க. நேத்து நீங்க பார்க்கற வரைக்கும், படத்துல சந்தை இருக்குன்னு வெளியில ஒரு ஆளுக்குத் தெரியாது."

பேனாவுக்கு எதுவோ உறுத்தியது. காலையில், டீயோடு, யாரோ சந்தை என்று சொன்னார்கள். யார்? நினைவு கைக்குக் கிட்டே வந்து வழுக்கிப் போனது.

"மாமா, இன்னொரு தரம் போடுங்க," என்றான் தம்பி. "அப்பா பேசறதுக்கு முன்னாடி ஏதோ கேக்குது."

காது ஒலியைக் கூட்டினார். முதலில் வெறும் இரைச்சல், மழை தூரத்தில் பெய்வது போல. அந்த இரைச்சலுக்கு அடியில், காற்று ஊசி முனையில் நுழைகிற மாதிரி ஒரு கிசுகிசுப்பு.

*பேனா...*

"பேனா..." என்றார் அப்பா.

*மாடி ஜன்னலுக்குப் பச்சை...*

"மாடி ஜன்னலுக்குப் பச்சை..."

"எதிரொலியா?" தம்பி கேட்டான்.

"எதிரொலி பின்னாடிதான்பா வரும்," என்றார் காது. "இது முன்னாடி வருது."

குளிர்சாதனம் மட்டும் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யாரோ பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கறாங்க. ஒவ்வொரு சொல்லா." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதான் எனக்கு இடிக்குது. உங்கப்பா மூணு பக்க வசனத்தை ஒரு பார்வையில முழுங்கற ஆள். அது போகட்டும். இது கூட்டம். வாய்க்கு வந்ததைச் சொல்லணும். வாய்க்கு வந்ததைச் சொல்றதுக்கு எதுக்கு ஒருத்தர் எடுத்துக் குடுக்கணும்? சொந்த மகளைக் கூப்பிடறதுக்குமா?"

"இன்னொரு தரம்," என்றான் தம்பி.

கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவைக்கும் பேனாவுக்கு அறை சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கிசுகிசுப்பில் குரலே இல்லை. ஆணா பெண்ணா என்றுகூட அடையாளம் சொல்ல முடியாது. வெறும் மூச்சு. ஆனால் மூச்சைச் சொற்களாக நறுக்கி, இரண்டாவது வரிசை ரசிகனுக்குக் கேட்காமல், மேடையில் திணறுகிற ஒரே ஒரு காதுக்கு மட்டும் போய்ச் சேருகிற மாதிரி எறிவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அவளுக்கு அந்த மூச்சு தெரியும். பக்கத்துத் திரைக்குப் பின்னால், உயரமான ஒரு ஸ்டூலின் கால்களுக்கு நடுவே சுருண்டு படுத்து, அதைத் தாலாட்டாகக் கேட்டுக்கொண்டே தூங்கிய குழந்தை அவள்.

தம்பி எழுந்துவிட்டான். "போலாம்கா."

வாசல் வரை வந்த காது அவள் தலையில் கை வைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். "அவரு ஏரியிலதானேம்மா..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

ஸ்கூட்டரில் பாதித் தூரம் வந்திருந்தார்கள். சிக்னலில் நின்றபோது தம்பி திரும்பாமலே கேட்டான்.

"அக்கா, அந்தக் கிசுகிசு..."

"கேக்காதே."

"நான் நினைக்கறதைத்தான் நீயும்..."

"பச்சை விழுந்துடுச்சு. வண்டியை எடு."

அவன் எடுத்தான். அடுத்த சிக்னலில் அவனாகவே பேசினான், யாரிடமோ சொல்வது போல.

"போன வாரம் அம்மா கண் ஆஸ்பத்திரிக்குன்னு வெளியூர் போனாங்க. போன மாசமும் போனாங்க. அதுக்கு முன்னாடியும். ஒரு வருஷமா கண்ணு பார்க்கறாங்க. இன்னும் ஒரு கண்ணாடிகூட வரலை."

ஸ்டூடியோவில் பேனாவின் கையிலிருந்து வழுக்கிப் போன நினைவு இப்போது தானாக வந்து மடியில் உட்கார்ந்தது. *சந்தை சீனெல்லாம் நல்லா எடுத்திருக்காங்களா?* வெளியில் ஒரு ஆளுக்குத் தெரியாத சந்தை.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் காலையில் தம்பி அடித்த ஆணி மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது. போட்டோ இல்லை. மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன் என்று தம்பி கையசைத்துச் சொன்னான். வாயால் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மேலே சத்தம் கேட்டது.

கர்ர்க். கர்ர்க். சற்று நிற்கும். மறுபடி, கர்ர்க். பல்லைக் கூச வைக்கிற சத்தம், எலும்பை எதனாலோ சுரண்டுகிற மாதிரி.

தம்பி சுத்தியலை எடுத்துக்கொண்டான். "அதை வெச்சுட்டு வா," என்றாள் பேனா, மெதுவாக. அவன் வைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் படி ஏறினார்கள். அந்தப் படிகளில் எது கிரீச்சிடும், எது கிரீச்சிடாது என்று இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. கிரீச்சிடாத இடமாகப் பார்த்துக் கால் வைத்தார்கள், சொந்த வீட்டில், திருடர்கள் மாதிரி.

மாடி அறைக் கதவு திறந்திருந்தது.

ஜன்னல் முன்னால் அம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் காய் நறுக்குகிற கத்தி. தம்பி பூசிய பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கர்ர்க். பச்சைச் சருகு சருகாக உதிர்ந்து அவள் பாதங்களை மூடியிருந்தது. பாதிச் சட்டத்தில் அப்பா காலத்துப் பழுப்பு நிறம் மறுபடி எட்டிப் பார்த்தது.

அறை பெருக்கித் துடைத்திருந்தது. இத்தனை நாள் சுவரில் சாய்ந்து கிடந்த கட்டில் விரித்துப் போட்டிருந்தது. புது விரிப்பு. ஒரு தலையணை. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். காணாமல் போன போட்டோ கட்டிலுக்கு எதிரே, படுத்தவர் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில், நாற்காலி மேல் நிறுத்தியிருந்தது. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் அம்மாவின் கொட்டை எழுத்து: 'இது நீங்க.'

பேனா உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"அம்மா."

அம்மா திரும்பவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"எதுக்கும்மா இதைச் சுரண்டறே?"

"அவருக்குப் பச்சை பிடிக்கலை."

இந்தத் தடவை தம்பி திருத்தவில்லை. கையிலிருந்த சுத்தியல் தானாகக் கீழே இறங்கியது.

பேனாவின் போன் அடித்தது. ஆசிரியராகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்கிற வரை மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"மாமாவோட ஸ்டூடியோவுக்குப் போயிருந்தோம்," என்றாள் பேனா. "சந்தை சீனைக் கேட்டோம். தனியா."

அம்மா கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல்.

"தனியா எதுக்குக் கேட்டீங்க? கூட்டத்தோட கேட்டாலே நீ கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியும். எப்பவும் நீதானே முதல்ல கண்டுபிடிப்பே."

"அம்மா, முன்னாடி ஒரு கிசுகிசுப்பு கேக்குது." அவள் குரல் உடைந்தது. "அவரால என் பேரைக்கூட... யாரோ எடுத்துக் குடுத்தாதான்..."

"மைக்கை விட்டுத் தள்ளித்தான் நின்னேன்," என்றாள் அம்மா. தொழிலில் ஒரு பிசகு நேர்ந்துவிட்ட வருத்தம் தவிர, அந்தக் குரலில் வேறெதுவும் இல்லை. "வயசாச்சு. மூச்சு அடங்க மாட்டேங்குது."

தம்பி சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து, பச்சைச் சருகுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"ஒரு வருஷம்மா," என்றான். "ஏரியில ஆள் இறங்கித் தேடறப்ப நான் கரையில நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அம்மா திரும்பினாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவர்கள் இருவரையும் நேராகப் பார்த்தாள். பிறகு, பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து பேசுகிற மாதிரி, மிக மெல்லச் சொன்னாள்.

"எல்லாம் மறந்து போறதைப் பிள்ளைங்க பார்க்க வேண்டாம்னுதான் அவர் போனார். உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்டா, அதான், அவர் வாயாலயே சொல்ல வெச்சேன்."